ஒரு வாரத்துக்கு ஓர் ஓட்டை

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் அவளுக்கு ஒரு பெயர். மூலை ஜெராக்ஸ் கடையில் வேறொரு பெயர். கூரியர்காரரிடம் என் பெயரையே கொடுத்து வைத்திருந்தாள். அவளுக்கு வந்த பார்சல்களை ஒரு வருடம் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கேட்டால், "டீ ஊத்துறவருக்கு என் பேரு எதுக்குக்கா? டீ தானே ஊத்தப் போறாரு" என்பாள். அதனால் இங்கேயும் அவள் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மருந்துக்கடை மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள் இருந்தன. வீட்டை விட்டு வெளியேறிய பெண்களுக்கு வழக்கு நடத்திக் கொடுக்கிற ஒரு வக்கீலம்மாவின் அமைப்பு அது. கணினி வேலைக்கு நாங்கள் இருவர். நான் தரமணியில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருடம் மென்பொருளுக்குத் திரைகள் வடிவமைத்துவிட்டு, ஆட்குறைப்பில் வெளியே வந்து இங்கே சேர்ந்தவள். அவள் என்னைவிட ஆறு வயது இளையவள். பாலிடெக்னிக் படித்தவள். கறுத்த, குட்டையான உருவம். பேசும்போது ஆளைப் பார்க்காமல் அந்த அறையின் கதவைப் பார்த்துக்கொண்டு பேசுவாள்.

எங்களிடம் வந்த பெண்களில் பாதிப் பேருடைய போனையும் லேப்டாப்பையும் யாராவது வேவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன், மாமனார், சில சமயம் கூடப்பிறந்த அண்ணன். புது ஊர், புது வேலை என்று எங்கே போனாலும் ஒரு மாதத்தில் வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பெண்களுக்காகப் பழைய லேப்டாப்களை வாங்கி, அவற்றில் தனி வகையான ஓர் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தோம். அதில் ஒரே கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியாக ஓடும். ஒன்றில் வங்கி, ஒன்றில் வக்கீலுக்கு எழுதும் கடிதம், ஒன்றில் வாட்ஸ்அப். ஒன்றில் திருடன் புகுந்தாலும் அடுத்ததற்குள் அவனால் போக முடியாது. அவள் அவற்றை ரூம் என்பாள்.

ஆனால் அதை அமைப்பது பெரிய வேலை. ஒவ்வொரு பெண்ணுக்கும் தேவை வேறு. ஒருத்திக்கு மூன்று ரூம் போதும், இன்னொருத்திக்கு ஏழு வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் கட்டிக்கொண்டிருந்தால் மாதத்துக்கு நான்கு பேருக்குத்தான் கொடுக்க முடியும். அதற்காக அவள் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் வரும் சில கேள்விகளுக்கு அந்தப் பெண் பதில் சொன்னால், அவளுக்குத் தேவையான ரூம்களை அதுவே கட்டி, நடுவில் சுவர் எழுப்பிக் கொடுத்துவிடும். கேள்வி கேட்கும் திரை என் வேலை. கட்டுவது அவள் வேலை. ஆவணங்களில் நாங்கள் அதை பில்டர் என்று எழுதினோம். அவள் வாயில் அது மேஸ்திரி. காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல், "மேஸ்திரி ராத்திரி வேல செஞ்சாரா, தூங்கிட்டாராக்கா?" என்று கேட்பாள்.

ஒரு லேப்டாப் தயாரானால் அதை உடனே கொடுக்க விடமாட்டாள். ஒரு முழுநாள் அவளே திருடியாக உட்கார்ந்து ஒரு ரூமிலிருந்து அடுத்த ரூமுக்குள் நுழையப் பார்ப்பாள். நுழைய முடியவில்லை என்றால் கீழே போய் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கி வருவாள். நுழைந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவாள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் என் லேப்டாப்பின் கடவுச்சொல்லை நான் மறந்துவிட்டேன். மாமியாரை அடையாறு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நேரம், தலையில் எதுவும் நிற்கவில்லை. மூன்று வார வேலை உள்ளே இருந்தது. அவளால் திறக்க முடியும் என்று நினைத்துக் கேட்டேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தொறக்க முடியாதுக்கா."

"நீதானே இதைக் கட்டினே?"

"அதான் சொல்றேன். எனக்கு ஒரு வழி இருந்துச்சின்னா, இன்னொருத்தனுக்கும் இருக்கும். அப்பறம் அது செவுரே இல்ல."

மூன்று வார வேலையும் போனது. அவளே என் கண் முன்னால் அதை அழித்தாள். பிறகு இரண்டு வாரம் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து எல்லாத் திரைகளையும் மறுபடி செய்து கொடுத்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்ததும் போனதும் அப்போதுதான்.

ஏன் இப்படி இருக்கிறாள் என்று ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அடையாற்றங்கரையில் ஒரே அறையில் ஏழு பேர் வளர்ந்த வீடு அவளுடையது. அம்மாவின் புடவை ஒன்றைக் கட்டி அறையை இரண்டாகத் தடுத்திருந்தார்களாம். "எங்க வூட்டுல எவனுக்கும் எதுவும் தனியா கெடியாதுக்கா. நான் பத்தாவது படிக்கறப்ப ஒரு நோட்டுல என்னவோ எழுதி வெச்சிருந்தேன். எங்க அக்கா புருசன் அத்த எடுத்து, குடிச்சிட்டு தெருவுல நின்னு படிச்சிக் காட்டினான். தெருவே சிரிச்சிது." என்ன எழுதியிருந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அரசாங்கத்தில் கரையிலிருந்து அவர்களை எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருவாள். புது வீட்டில் அவள் செய்த முதல் காரியம், குளியலறைக்கு உள்பக்கம் இரண்டாவதாக ஒரு தாழ்ப்பாள் போட்டது.

எங்களுக்குள் எப்போதும் இருந்த சண்டை ஒன்றுதான். மேஸ்திரி கேட்கும் கேள்விகளில், பயன்படுத்தும் பெண் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் இடங்கள் இன்னும் வேண்டும் என்பேன் நான். கஷ்டத்தில் வருகிறவர்களிடம் முடியாது, முடியாது என்று திரை சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

"கேக்கறவங்களுக்குக் கேட்டதைக் கொடுக்கறதுல என்ன தப்பு?"

"நீ ஓட்டல் வெச்சிருக்கணும்க்கா" என்பாள்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். நாங்கள் அப்படித்தான் அழைத்தோம். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கட்டிய புடவையோடு வெளியே வந்தவர். கணவனுக்குக் கணினிப் பாதுகாப்பில் வேலை. வீட்டில் டீச்சர் எந்த அறையில் நிற்கிறார் என்பது வரை அலுவலகத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். அடித்த காயங்களை வக்கீலம்மா போட்டோ எடுத்து வைத்திருந்தார். ஏழு வயது மகளை அவன் விடவில்லை. தி. நகரில் ஒரு பெண்கள் விடுதியில் டீச்சரை ஒளித்து வைத்தோம். கையில் ஒரு பட்டன் போன் மட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சாப்பிட்டார். வாரத்துக்கு இரண்டு முறை, அரைமணி நேரம், மகளோடு வீடியோவில் பேசலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

மேஸ்திரி டீச்சருக்கு மூன்று ரூம் கட்டியது. வகுப்புக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. மகளின் ரூம் மட்டும் வேறு வகை. அந்தப் பக்கம் இருப்பது கணவனின் வீடு, அவனுடைய கணினி. அங்கிருந்து எது வந்தாலும் நம்பக்கூடாது. அதனால் பேச்சு முடிந்து மூடியதும் அந்த ரூம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அடுத்த முறை புதிதாகப் பிறக்கும். உள்ளே வந்தது எதுவும் மிஞ்சாது.

ஒரு நாள் டீச்சர் மாடியேறி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். மகள் பள்ளியில் நடனம் ஆடப் பழகுவதை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். டீச்சர் ஒரு தடவை பார்த்தார். நேரம் முடிந்தது, ரூம் போனது, வீடியோவும் போனது. அடுத்த முறை இன்னொரு தடவை அனுப்பச் சொல்லிக் கேட்டாராம்.

"'போன தடவையே அனுப்பினேனே, தொலைச்சிட்டியா அம்மா'ன்னு கேட்டா மேடம். அவ முகம் அப்படியே சுண்டிப் போச்சு. சனிக்கிழமை ஆண்டு விழா. அந்த வீடியோவையாவது நான் வெச்சுக்கறேனே. என்கிட்ட அவளோடது ஒண்ணுமே இல்லை. ஒரு ரிப்பன்கூட எடுத்துட்டு வரலை."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் போனபிறகு, செய்யலாம் என்றுதான் சொன்னாள். ஜன்னலே இல்லாத ஒரு ரூம். வெளி உலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. மகள் அனுப்பியது அதற்குள் போகலாம், அதிலிருந்து எதுவும் வெளியே போக முடியாது. அந்த ஒருவழிக் கதவைச் சரியாகச் செய்ய அவளுக்கு மூன்று வாரம் வேண்டும்.

"சனிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு" என்றேன்.

"தெர்யும்."

"அதுவரைக்கும் தற்காலிகமா ஏதாவது பண்ணு. வகுப்பு ரூமுக்கு ஒரு ஃபைலை மட்டும் எடுத்துட்டுப் போகிற மாதிரி. நான் திரையிலே ஒரு டிக் வைக்கறேன். ஒரே ஒரு வாரம்."

"வகுப்பு ரூமுல நெட்டு கீதுக்கா."

"ஒரு அம்மா தன் குழந்தை ஆடறதைப் பார்க்கணும்னு கேக்கறா. அதுக்குக்கூட முடியாதுன்னா நாம எதுக்கு இங்கே உக்காந்திருக்கோம்?"

அவள் கணினியைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அன்றைக்கு அவள் திருடியாக உட்காரவில்லை. எங்கே நுழையலாம் என்று அவளுக்கே தெரியும்.

சனிக்கிழமை வீடியோ வந்தது. டீச்சர் அதை வகுப்பு ரூமில் போட்டு எத்தனை முறை பார்த்தாரோ தெரியாது. அந்த வீடியோவுக்குள் டீச்சரின் கணவன் எதையோ ஒளித்து அனுப்பியிருந்தான். வகுப்பு ரூமில் அவனுக்கு அதிகம் கிடைக்கவில்லை. ஆனால் கணக்கு எழுதிக்காட்ட டீச்சர் ஒரு வரைபலகை வாங்கியிருந்தார். அந்த ரூமிலேயே கிடந்த அதன் ரசீதில் விடுதியின் முகவரி இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு விடுதி வார்டன் போன் செய்தார். நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்து ஓடினோம். பாண்டி பஜாரைத் தாண்டுவதற்குள் உயிர் போயிற்று. விடுதி வாசலில் அவனுடைய கார் நின்றது. அவன் கத்தவில்லை. வெளுத்த சட்டையில் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அந்தக் குழந்தை. எதிர்க் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "எவ்ளோ பொறுமையா கூப்டுறாரு பாரு" என்று ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது.

பின்வாசல் வழியாக மாடிக்குப் போனோம். டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வக்கீலம்மா போலீசுக்குச் சொல்லிவிட்டார், வந்துகொண்டிருக்கிறார்கள், அரைமணி நேரம் பொறுங்கள் என்று நான் சொன்னேன். அவள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போவாத டீச்சர். போனா அவ்ளோதான்."

கீழேயிருந்து குழந்தையின் குரல் கேட்டது. "அம்மா, நான் ஆடினதைப் பாத்தியா? மிஸ் என்னை முன்னாடி வரிசையிலே நிக்க வெச்சாங்க."

டீச்சர் திரும்பினார். "நகருங்க" என்றார்.

அவள் நகரவில்லை. டீச்சர் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தார், பிறகு அடித்தார். அவள் அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அப்படியே மண்டியிட்டு அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டார். என்னால் பார்க்க முடியவில்லை.

"விட்டுடு" என்றேன். "அவங்க குழந்தை. அவங்க முடிவு பண்ணட்டும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து ஓரமாக நின்றாள். டீச்சர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். போலீஸ் வந்தபோது கார் போய்விட்டிருந்தது. வழக்கை வாபஸ் வாங்குவதாக அன்று மாலையே வக்கீலம்மாவுக்குச் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. ஜன்னல் இல்லாத ரூமை எழுத ஆரம்பித்தாள். மூன்று வார வேலையை ஒன்பது நாளில் முடித்தாள். டப்பா திறக்காமலே வந்து திறக்காமலே போயிற்று. ஒருநாள் கழிப்பறையில் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு நிமிடம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தப்பு என்னோடது" என்றேன். "நான்தான் கேட்டேன்."

"கேட்டது நீ. ஓட்ட போட்டது என் கை. நீ கேப்பன்னு எனக்குத் தெர்யும்க்கா. மாட்டேன்னு சொல்றதுதான் என் வேல. அத்த நான் செய்யல."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேளச்சேரிக்குப் போகிறாள் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் குடியிருப்புக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருப்பாளாம். திங்கட்கிழமை வந்து வக்கீலம்மாவிடம் மட்டும் சொல்வாள். "உயிரோட கீறாங்கம்மா. கொடியில நைட்டி காயுது." ஒரு வாரம் நைட்டி காயவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் நான்கு எழுத்து அடித்தால் மூன்றைத் திருத்தினாள்.

பிறகு மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து வேளச்சேரி மூழ்கியது. டீச்சரின் கணவன் தரமணி அலுவலகத்தில் மாட்டிக்கொண்டான். கரண்ட் இல்லை, டவர் இல்லை, வீட்டுக்குள் அவன் வைத்திருந்த கண்கள் எல்லாம் அணைந்துவிட்டன. மதியம் மீனவர்களின் படகு ஒன்று குடியிருப்புக்குள் வந்தது. வீட்டில் இருந்த டீச்சரின் மாமியார், மேல் மாடிக்காரர்களோடு இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மேடான இடத்தில் இறக்கிவிட்டதும் டவர் கிடைத்த யாருடைய போனையோ வாங்கி வக்கீலம்மாவைக் கூப்பிட்டார்.

அப்போது நாங்கள் இருவரும் அலுவலகத்தில் இருந்தோம். நான் உடனே குடையைத் தேடினேன். என் வீடு அடையாறில் மூன்றாம் மாடி, தண்ணீர் வராது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"நீ வராதக்கா" என்றாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தனியாகப் படியிறங்கினாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மறுநாள் சாயங்காலம் வக்கீலம்மாவின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. பாப்பா தூங்குது."

"எங்கே இருக்கீங்க?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"என் மேலே கோபமா?"

"கோவம் இன்னாத்துக்கு? நீ நல்லவக்கா. எதுருல உக்காந்து ஒருத்தர் அழுதா உன்னால தாங்க முடியாது. அதனாலதான் உனக்குத் தெரியக் கூடாது."

அவள் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு வாரத்தில் மேஸ்திரியின் எல்லாப் பகுதிகளையும், எது எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளோடு, ஒழுங்காக எனக்கு அனுப்பிவைத்தாள். ஜன்னல் இல்லாத ரூமும் அதில் இருந்தது. ஒரு வாரத்துக்கென்று நான் வைத்த டிக் இல்லை. வக்கீலம்மா டீச்சரின் வழக்கை மறுபடி தொடுத்து, முகவரியை மூடிய உறையில் நீதிபதியிடம் மட்டும் கொடுத்தார். என்னிடம் அவரும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மதியம், வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போயிருந்த நேரம், அந்தக் கணவன் மாடியேறி வந்தான். சட்டை கசங்கி, தாடியோடு இருந்தான். என் எதிரே உட்கார்ந்தான். மிரட்டவில்லை. அம்மா சாப்பிடுவதில்லை, பேத்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ஒரே ஒருமுறை குரலைக் கேட்டால் போதும் என்றான். பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தான். தோள் குலுங்க அழுதான். அவன் யார் என்று எனக்குத் தெரியும். வக்கீலம்மாவின் கோப்பில் இருந்த போட்டோக்களை நான் பார்த்திருக்கிறேன். இருந்தும் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தான். "எங்கே இருக்காங்கன்னு நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"தெரியாது" என்றேன்.

அவன் எழுந்து போனபிறகு நான் கதவைத் தாழ் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.